எல்லாரும் ‘ஆ’ சொன்ன இடம்

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டே இருப்பதுபோல் வலித்தது. காலையில் நாலு மாடி ஏற்றிய ஃப்ரிட்ஜின் வேலை. லிஃப்ட் இருந்தது, ஃப்ரிட்ஜ்தான் அதற்குள் நுழையவில்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவனைக் கூட்டாளிகள் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். கயிறு அறுந்த ஒரு நாள், இரும்பு பீரோவைப் படிக்கட்டில் தனியாளாகத் தாங்கி நின்றவன். பெயரும் வலியும் ஒரே நாளில் வந்து ஒட்டிக்கொண்டவை. பெயர் சில நாள் மறந்துபோகும், வலி மறக்காது.

இப்போது அவன் கணிதத் துறையின் கருத்தரங்க அறையில், கைப்பலகை வைத்த நாற்காலி ஒன்றில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தான். கம்பெனிக் குழாயடியில் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வந்திருந்தான். இருந்தாலும் உள்ளங்கையில் கயிற்று வாசனை போகவில்லை. முன்னால் கரும்பலகை, ஒரு சதுர மேசை. மேசைக்குப் பின்னால் அவன் தங்கை. அவள் உதட்டை நக்கிக்கொள்வதைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க மேடை ஏறியபோதும் அப்படித்தான் நக்கிக்கொண்டாள்.

ஆராய்ச்சி மாணவர்கள் மாதம் ஒரு முறை நடத்தும் கூட்டம் இது. தாங்கள் செய்யும் வேலையை, கணக்கு என்றால் காத தூரம் ஓடுகிற ஆளுக்கும் புரிகிற மாதிரி இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டும். பேசுகிறவர் வெளியாள் ஒருவரை அழைத்து வருவார். அவருக்கு விருந்தாளி என்று பெயர். பேச்சு முடிந்ததும் விருந்தாளி எழுந்து, தனக்குப் புரிந்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பேசியவர் தேறினார். சொல்ல முடியவில்லையென்றால் பேச்சு பாக்கி. இன்னொரு நாள் வந்து பேசிக் கழித்தாக வேண்டும். கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: விருந்தாளிக்கு முன்கூட்டியே எதையும் சொல்லித்தரக் கூடாது.

தங்கை ஒரு முறை பேசித் தோற்றிருந்தாள். அன்று அவள் கூட்டிவந்த விருந்தாளி கேண்டீன் அக்கா. அந்த அம்மாள் எழுந்து நின்று, “பொண்ணு நல்லாப் பேசுச்சு. வட்டம் வட்டமாப் போட்டுச்சு. கொஞ்சம் தண்ணி குடுங்க, பாவம், தொண்டை காஞ்சிருக்கும்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அறையே சிரித்தது. துறைத் தலைவரான பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. வரும் கல்வியாண்டில் முதலாண்டு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் இடம் ஒன்று இருந்தது. அது கிடைத்தால் தங்கை ஆராய்ச்சியை முடிக்கலாம். கிடைக்காவிட்டால் இந்த ஜூனோடு சரி. பழையபடி கம்பெனிக் கிடங்கில் பெட்டிக்கு எண் ஒட்டப் போக வேண்டியதுதான். “புரியவைக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த இடம். இன்னொரு வாய்ப்பு தர்றேன்” என்றிருந்தார் பேராசிரியை.

அதனால்தான் ஒரு வாரமாக வீட்டில் பாடம் நடந்தது. அவன் டீ குடிக்கும்போது, காலுக்குத் தைலம் தேய்க்கும்போது, செருப்பு மாட்டும்போது.

“சொல்லுண்ணா, மொத வரி.”

“ஆடுற மேசைக்கு அட்டை மடிச்சு வைக்க வேணாம்.”

“ரெண்டு?”

“இருந்த எடத்துலயே மெதுவாத் திருப்பணும். ஒரு முழுச் சுத்துல நாலுல ஒரு பங்கு போறதுக்குள்ள எங்கயாவது ஒரு எடத்துல நாலு காலும் தரையில உக்காந்துடும்.”

“மூணு?”

“தரை மேடு பள்ளமா இருக்கலாம். படி மாதிரி ஒடஞ்சிருக்கக் கூடாது.”

“நாலு?”

“நாலு காலும் ஒரே நீளமா இருக்கணும். இல்லன்னா எவ்வளவு திருப்பினாலும் நிக்காது. ஏன் பாப்பா, திருப்பினா எதுக்கு நிக்குது?”

“அதை அங்க பேசும்போது சொல்வேன். நீ மொதல்ல இதை மறக்காம இரு.”

எட்டாவதோடு நின்ற படிப்பு அவனுடையது. மனப்பாடம் அவனுக்கு அப்போதே வராது. அறையில் தங்கை பேச ஆரம்பித்ததும் அவன் செய்த முதல் காரியம், காதை அடைத்துக்கொண்டது. கையால் அல்ல, மனசால். அவள் பேச்சு உள்ளே புகுந்தால் நாலு வரியும் கலைந்துவிடும் என்று பயம். அட்டை வேணாம், மெதுவாத் திருப்பணும், படி மாதிரி கூடாது, ஒரே நீளம். அட்டை, திருப்பு, படி, நீளம். படிக்கட்டில் பீரோ இறக்கும்போது எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டே இருந்தான்.

இடையில் ஒரு முறை நிமிர்ந்தான். தங்கை பலகையில் ஒரு மேசை வரைந்து, அதன் ஒரு காலைத் தரைக்கு மேலே தொங்கவிட்டிருந்தாள்; பக்கத்தில், திருப்பிய மேசையில், அதே கால் தரைக்கோட்டுக்குக் கீழே இருந்தது. “மேல இருந்து உள்ள போகணும்னா, நடுவுல தரையைத் தொட்டுத்தானே போகணும்?” என்றாள். அறை முழுக்க ஒரே நேரத்தில் “ஆ...” என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாடிக்கார மாணவன் தொடையைத் தட்டிக்கொண்டான். வாசலில் நின்ற காவலாளிகூடத் தலையை ஆட்டினார். மேசைக்கால் எதற்குத் தரைக்கு உள்ளே போகிறது என்று பீரோவுக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அட்டை, திருப்பு, படி... அடுத்தது என்ன?  நீளம், நீளம். பிடித்துக்கொண்டான்.

மணி அடித்தது. தங்கைக்கு நேரம் போதவில்லை. இரண்டு தாளை அப்படியே தள்ளிவிட்டு, “செஞ்சே காட்டிடறேன்” என்று முன்னால் இருந்த மேசையைத் திருப்பினாள். நேற்று அவள் திருப்பிப் பார்த்த மேசை வேறு; அதை யாரோ தேர்வு அறைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். இந்த மேசை டக்கென்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். டக். இன்னும் கொஞ்சம். டக்.

“கணக்குல நின்னுடுச்சு, மேசைக்குத்தான் இன்னும் தகவல் போகல” என்றான் தாடிக்காரன். சிரிப்பு எழுந்தது. தங்கையின் கழுத்து வரை சிவந்தது.

“சரி, விருந்தாளி சொல்லுங்க” என்றார் பேராசிரியை.

பீரோ எழுந்தான். இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது. நாலு வரியையும் ஒரே மூச்சில் இறக்கினான். நாலாவது வரியைக் கேட்டதும் தாடிக்காரன் முன்னால் போய்க் குனிந்து பார்த்தான். மேசையின் ஒரு காலில் ரப்பர் குமிழ் இல்லை.

“அட! இந்தக் கால் குட்டைங்க மேடம்!”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “கால் ஒரே நீளமா இருக்கணும்னு அவங்க சொல்லவே இல்லையே. நீங்க எப்படிச் சொன்னீங்க?”

அப்போதுதான் பீரோவுக்கு உறைத்தது. தள்ளிவிட்ட இரண்டு தாளில் அந்த வரி இருந்திருக்கிறது. தங்கையைப் பார்த்தான். அவள் சுண்ணாம்புக்கட்டியை உடைந்துவிடும்போல் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால் ஜூனோடு சரி.

“பதினேழு வருஷமா மேசை தூக்குறேன் மேடம். கைக்குத் தெரியாதா?” என்றான்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. “பாத்தீங்களா? இவர் கேட்டதோட நிக்கல. தன் அனுபவத்தை வெச்சு விட்டுப்போனதையும் நிரப்பிட்டார். இதுக்குத்தான் இந்தக் கூட்டம்” என்று பேராசிரியை மாணவர்களைப் பார்த்துச் சொன்னார். பீரோ தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பதினேழு வருடத்தில் அவன் எந்த மேசையின் காலையும் அளந்ததில்லை. ஆடினால் அட்டையை மடித்துச் செருகுவான், வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவான், வண்டி ஏறுவான். அவ்வளவுதான் அவன் அனுபவம்.

 பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் தங்கை, “எடம் கிடைச்சிடும்ணா. மேடமே கையைப் பிடிச்சுச் சொன்னாங்க” என்றாள். குரலில் சந்தோஷம் பாதிதான் இருந்தது.

“அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?”

“பொய்தானே சொன்னோம்.”

“பதினேழு வருஷம் தூக்குனது நிஜம்தானே? அதுல உனக்கு ஏதாச்சும் சந்தேகமா?” என்று சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: “ஏன் பாப்பா, நடுவுல எல்லாரும் ‘ஆ’ன்னாங்களே, அது எதுக்கு?”

தங்கை திரும்பினாள். “நீ கேக்கலையா?”

“எங்க கேக்குறது? உன் நாலு வரியைத்தான் உள்ள ஓட்டிக்கிட்டிருந்தேன். ஏதோ உள்ள போகுதுன்னு சொன்ன. எல்லாருக்கும் வெளங்கிச்சு. அந்த வாட்ச்மேனுக்குக்கூட.”

 அந்த அறையில் இருந்த அத்தனை பேரிலும் அந்தப் பேச்சு உண்மையில் யாருக்காக இருந்ததோ, அந்த ஒரு ஆளின் காதை அவளே அடைத்து அழைத்துப்போயிருக்கிறாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. “ரொம்பச் சின்ன விஷயம்ணா. ஒரு கால் தொங்குதுன்னு வெச்சுக்கோ...” என்று காற்றில் கையால் மேசை போட்டாள். பேருந்து வந்துவிட்டது. கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் தள்ளப்பட்டார்கள். “ஞாயித்துக்கிழமை உக்காந்து சொல்றேன்!” என்று முன்பக்கத்திலிருந்து கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இரண்டு வீடு மாற்றும் வேலை வந்தது. அடுத்த ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். ஜூன் வந்தது, இடம் கிடைத்தது, அதன்பின் ஞாயிறெல்லாம் முதலாண்டுப் பிள்ளைகளின் விடைத்தாள் மேல் அவள் குனிந்திருந்தாள். நன்றாகச் சொல்லித்தருகிறாளாம். பிள்ளைகள் வகுப்பு முடிந்தும் எழுந்து போவதில்லையாம்.

பீரோ இப்போது அட்டை வைப்பதில்லை. ஒரு வீட்டில் மேசை ஆடினால் கூட்டாளியிடம், “மெதுவாத் திருப்பு” என்கிறான். சில மேசை நிற்பதில்லை. கால் குட்டை என்று விட்டுவிடுகிறான். சில மேசை பாதித் திருப்பலில் சட்டென்று அடங்கி, நாலு காலும் தரையைக் கவ்விக்கொள்கிறது. அந்த நேரம் உள்ளங்கையில் ஒன்று ஓடும்.

“எப்படிப்பா இது?” என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

“அது அப்படித்தாங்க” என்பான். வேறென்ன சொல்வது? அவனுக்குத் தெரிந்தது நாலு வரி. ஏன் நிற்கிறது என்பது அந்த நாலு வரியில் இல்லை.

அந்தக் கூட்டத்துச் சட்டப்படி, தங்கை அவனுக்கு இருபது நிமிடப் பேச்சு ஒன்று பாக்கி. அவள் அதை இன்னும் கழிக்கவில்லை.