கண்டக்டரின் நாடி

கண்டக்டரின் நாடி அன்றைக்குத் தொட்டவுடனே அகப்பட்டுவிட்டது. முழிக்கு அதை நம்பவே முடியவில்லை. முந்தின நாள் இதே மணிக்கட்டில் மூன்று விரலையும் வைத்துக்கொண்டு, கிணற்றில் விழுந்த குடத்தைத் துழாவுகிறவளைப் போலத் தடவித் தடவிப் பார்த்தும் ஒன்றும் தட்டுப்படாமல், கடைசியில் வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு மானம் போனது. கூடப் படிக்கிறவர்கள் மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நர்சிங் படிப்பில் இரண்டாம் வருஷம். கேள்வி கேட்டால் திருதிருவென்று முழிப்பாள் என்பதால் விடுதியில் வைத்த 'முழி' என்ற பெயர், வார்டு வரைக்கும் அவளுடன் நடந்து வந்துவிட்டது.

இன்று பழைய கதை இல்லை. கட்டில் விளிம்பில் மடங்கிக் கிடந்த கையை அவள் பற்றியதுமே துடிப்பு விரலடியில் கும்மென்று வந்து நின்றது. கையிலிருந்த கடிகாரத்தின் முள்ளைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். கண்டக்டருக்குக் கொடுக்கிற இதய மாத்திரை பொட்டு அளவுதான், ஆனால் பொல்லாதது. துடிப்பை மெதுவாக்கும். அதனால் முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கவே கூடாது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணுவதுதான் முறை. ஆனால் வார்டுக்கு இருந்த ஒரே ஒரு ஸ்டெதஸ்கோப், டாக்டரின் கழுத்தோடு எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தேடிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கிடைத்த நாடியை விட்டால் மறுபடி கிடைக்குமோ என்னவோ.

பாதி எண்ணும்போது வராந்தாவில் டியூட்டர் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. துடிப்பு கொஞ்சம் வேகம் பிடித்தது. அட, இவரும் மேடத்துக்குப் பயப்படுகிறாரே என்று முழிக்குச் சிரிப்பு வந்தது. செருப்புச் சத்தம் அடுத்த வார்டுக்குத் திரும்பிப் போனதும் துடிப்பும் ஆசுவாசப்பட்டது. கெட்டிக்காரர்தான்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பார். தண்ணீர் வேண்டாம், போர்வை வேண்டாம், ஜன்னலைத் திறக்க வேண்டாம். மாத்திரைக்கு மட்டும் கண்ணை மூடியபடியே வாயைத் திறந்து வைத்துக்கொள்வார், சீக்கிரம் போட்டுவிட்டுத் தொலை என்பதுபோல. இன்றும் அரைக் கண் மூடி, வாய் திறந்து தயாராகத்தான் கிடந்தார். கை சில்லென்று இருந்தது. அவர் கை என்றைக்குமே சில்லென்றுதான் இருக்கும்.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் அவருடைய மனைவி. காலையிலிருந்து அதே ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எண்பத்தி எட்டு. சூப்பரா இருக்கும்மா. நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவலை."

அந்தம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னைக்கு அவர் மனசு கூட சரியா இருக்கு கண்ணு. பையன வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வீட்ட விட்டுத் துரத்தினதுலருந்து அவன் பேர எடுத்தாலே சாமி ஆடுவார். இன்னைக்கு ஒரு வார்த்த இல்ல. மூஞ்சி கூடச் சுளிக்கல. நானும் விடாம, பழசெல்லாம் சொல்லி அழுது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அமைதியா கேட்டுக்கிட்டாரு. நீயே பாரேன், எவ்வளவு சாந்தமா இருக்கார்னு" என்றாள்.

முழி பார்த்தாள். சாந்தமாகத்தான் இருந்தார்.

"நீயும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டே. போய் போன் போட்டுட்டு வந்துடறேன்" என்று அந்தம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரி மாதிரி விறுவிறுவென்று வெளியே போனாள்.

முழி மாத்திரையை நாக்கில் வைத்து, டம்ளரிலிருந்து ஒரு வாய் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் கடைவாய் வழியே ஒழுகியது. அதுவும் புதிதல்ல. துடைத்துவிட்டு, "விளையாடாதீங்க ஐயா, முழுங்குங்க" என்றாள். கட்டிலில் தொங்கிய அட்டையில் எண்பத்தெட்டு என்று எழுதி, மருந்துக்கு நேராகத் தன் கையெழுத்தைப் போட்டாள். மனசு லேசாக இருந்தது. தனியாக, யாரையும் கூப்பிடாமல், ஒரு வேலையை ஒழுங்காக முடித்திருக்கிறாள்.

சிஸ்டர் வந்தது தலையணையைச் சரிசெய்ய. நெற்றியில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு கழுத்தில் கை வைத்தார். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடினார். டாக்டர் ஓடி வந்தார். கண்ணில் விளக்கு அடித்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், மறுபடியும் கேட்டார். இனி நெஞ்சை அழுத்திப் பிரயோஜனம் இல்லை என்று கையை எடுத்துவிட்டு, "முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும் சிஸ்டர். யாரும் பாக்கலையா?" என்றார்.

சிஸ்டர் திறந்த வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, பஞ்சுத்துணியால் எதையோ எடுத்தார். மாத்திரை. ஓரம் மட்டும் லேசாகக் கரைந்து, நடுக்கோடு அழியாமல் இருந்தது.

டாக்டர் போனபிறகு சிஸ்டர் தன் கையை நீட்டினார். "இப்பதான எண்ணினே. எப்படி எண்ணினே, காட்டு."

முழி பிடித்துக் காட்டினாள். மூன்று விரல் மணிக்கட்டுக்கு அடியில் போய்விட்டது. பெருவிரல், யாரும் சொல்லாமலே, நாடியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இருவரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

"பெருவிரல்ல உனக்கே துடிப்பு இருக்கு. முதல் வருஷத்திலேயே சொல்லித் தந்திருப்பாங்களே."

சொல்லித் தந்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

"அந்த எண்பத்தி எட்டு உன்னோடது" என்றார் சிஸ்டர். குரலில் கோபம் இல்லாததுதான் தாங்க முடியவில்லை. "எழுதினத அடிக்காத. நடந்தத கீழ எழுதி நானும் கையெழுத்துப் போடறேன். டாக்டருக்கும் மேடத்துக்கும் நான் சொல்லிக்கறேன். நல்லா இருக்குன்னு நீ சொன்னேன்னு அந்தம்மா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போன் போடப் போனாங்க. நீதான் சொல்லணும்."

ஒரு முழு நிமிடம். செத்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னையே எண்ணி, தன்னையே பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். மேடத்துக்குப் பயந்தது அவள். ஆசுவாசப்பட்டதும் அவள். கையை உடுப்பில் தேய்த்துக்கொண்டாள். தேய்க்கத் தேய்க்கப் பெருவிரல் இன்னும் உரக்கத் துடித்தது.

அந்தம்மா போனும் கையுமாகத் திரும்பி வந்தாள். திரையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அழுதாள், அழுகை கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து விம்மலாகி, அதுவும் நின்றது. சிஸ்டர் திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே கட்டிலில் அவர், ஸ்டூலில் அந்தம்மா, காலடியில் முழி.

"பையன் கிளம்பிட்டான்" என்றாள் அந்தம்மா. "அப்பா சரின்னாரா, நெஜமா சரின்னாரான்னு திரும்பத் திரும்பக் கேட்டான். சத்தியமா ஒண்ணும் மறுக்கலடான்னேன். போன்லயே ஓன்னு அழுதுட்டான்."

"அம்மா..." என்றாள் முழி. நான் எண்ணினது அவரோடது இல்லம்மா. சின்ன வாக்கியம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ எப்ப போனார் என்பது. அதற்குப் பதில் சொன்னால் இந்த அம்மா யாரிடம் பேசினாள், யாரிடம் அழுதாள், யாருடைய மௌனத்தைச் சம்மதம் என்று மகனிடம் சொன்னாள் என்பதெல்லாம் வரிசையாக வெளியே வரும். சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க ஒரு பொய் அந்தக் குடும்பத்தில் சோறு தின்னும். எதைச் செய்தாலும் பாவம் தன் தலையில்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. அழக்கூட உரிமை இல்லாததுபோல இருந்தது.

"சொல்லு கண்ணு."

"நான் நாடி பாத்தப்ப..."

"அதான். அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்." அந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இத்தன நாள் பக்கத்துல உக்காந்திருந்தும் எனக்கு அது பாக்கத் தெரியாது. கடைசியா தொட்டது நீதான். எப்படி துடிச்சுது, காட்டு."

கையை நீட்டினாள். முழியும், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, தன் கையை நீட்டினாள். அந்தம்மா முழியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சுவருக்கு அப்பால் பேச்சுக் கேட்கிறவளைப் போலக் கவனித்தாள்.

முழியின் இதயம் காதுக்குள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எண்ணினால் நூற்று இருபதுக்குக் குறையாது.

"ஒண்ணு" என்றாள் அந்தம்மா.

முழிக்கு எத்தனையோ துடிப்பு ஓடி முடிந்து, நீண்ட நேரம் கழித்து, "ரெண்டு."

முழி கையை இழுக்கப் பார்த்தாள். பிடி இறுகியிருந்தது.

"அவரேதான்" என்று அந்தம்மா முணுமுணுத்தாள். "நடக்கறப்பவும் இப்படித்தான், நின்னு நின்னு வருவார். மூணு."

முழி மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலுக்காகக் காத்திருந்தாள்.