பரமநாதனின் இமயமலை

பரமநாதன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு யானையின் பின்புறம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பதுகூடப் பெரிய வார்த்தை. யானை அசையாமல் நின்றது. பரமநாதனின் கமராவும் அசையாமல் நின்றது. சோபாவில் உட்கார்ந்திருந்த அருள்ராணிக்குத்தான் எழுந்து ஓடலாம் போலிருந்தது.

"உதுதான் மெதுவான பயணம்," என்றார் பரமநாதன். "நோர்வேக்காரற்ரை குறூப்போடை இமயமலைக்குப் போனனாங்கள். மிருகத்தைத் தேடி ஓடுறேல்லை. அது எங்களைத் தேடி வருமட்டும் ஜீப்பிலை இருக்கிறது."

"வந்ததோ அண்ணை?" என்று ஸ்ரீதரன் பணிவாகக் கேட்டார்.

"இதொண்டு வந்தது. வந்து, திரும்பி நிண்டிட்டுது."

யானைக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமல் போயிற்றே என்று அருள்ராணி நினைத்தாள். பக்கத்தில் அவள் கணவர் ஸ்ரீதரன், ஏதோ அரிய தரிசனம் கிடைத்தவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நேற்றுவரை யானையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிராத மனுசன். எல்லாம் சம்பந்தி ஆகப்போகிற ஆசை படுத்துகிற பாடு.

வீடியோ பார்க்க வாங்கோ என்றுதான் அழைப்பு. ஒஸ்லோவில் நம்மவர் வீடுகளில் வீடியோ பார்க்கக் கூப்பிடுவது சின்ன விசயமில்லை. கல்யாண வீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு எல்லாவற்றையும் படமாக்கி, நாலு பேரை உட்காரவைத்துக் காட்டி முடித்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு. இந்தமுறை படத்துக்குப் பிறகு வேறு பேச்சும் இருந்தது. அருள்ராணியின் மகள் ஆரபியும் பரமநாதனின் மகன் நிருஜனும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகத் திரிந்து, இனிக் கல்யாணம்தான் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் சந்தித்து ஓம் என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. பிள்ளைகள் இரண்டும் சாப்பாட்டு மேசையடியில் உட்கார்ந்து தங்களுக்குள் நோர்வேஜிய மொழியில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். மகளின் முகத்தில் இருந்த சந்தோசத்துக்காகத்தான் அருள்ராணி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரும்வழியில் காரில் ஸ்ரீதரன் மெதுவாகத் தொடங்கியிருந்தார். "எந்த ஊர் எண்டு கேட்டால் கிளிநொச்சி எண்டு சொல்லு. பொய்யில்லைத்தானே."

பொய்யில்லைதான். அருள்ராணி கிளிநொச்சியில் வளர்ந்தவள். ஆனால் பிறந்தது ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையொன்றில். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு, கிளிநொச்சிக்கு வந்த குடும்பம். ஸ்ரீதரன் யாழ்ப்பாணத்தார், அதுவும் பேர்போன குடும்பம். விரும்பித்தான் கட்டினார். கட்டிய நாள் முதல் ஹற்றன் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து எடுத்தும் விட்டார். நோர்வேக்கு வந்த புதிதில், வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் ஆலையில் பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண்களுக்கும் அவள் கிளிநொச்சிக்காரி. ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் கிளிநொச்சிக்காரி. ஆரபிக்கு மட்டும் ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளைக்காவது தான் யார் என்று தெரியட்டும் என்று நினைத்தாள்.

யானை ஒருவழியாகக் காட்டுக்குள் போனது. அடுத்தது காண்டாமிருகம். உயரப் புல்லுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. அது காண்டாமிருகம் என்றார் பரமநாதன். அது பாறை, வழிகாட்டி பிறகு சொன்னவன் என்றாள் அவர் மனைவி யோகாம்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றி வீடியோவிலும் சண்டை பிடித்தார்கள், வீட்டிலும் பிடித்தார்கள். இமயமலை, இமயமலை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர்கள் அதன் அடிவாரத்தைத் தாண்டி ஒரு மேட்டில்கூட ஏறவில்லை என்பது படம் போகப் போகத்தான் விளங்கிற்று. பனிமலை ஒருநாள் விடியற்காலையில் தெரிந்ததாம். அப்போது பரமநாதன் நித்திரை.

பிறகு தேயிலைத் தோட்டம் வந்தது. அருள்ராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நிழல் மரங்களுக்குக் கீழே பச்சைப் பசேலென்ற செடிகள். அதற்கு நடுவில் யோகாம்பாள், பட்டுச்சேலையும் அதற்கு மேலே மழைக்கோட்டும் கால்களில் சப்பாத்துமாக. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் கூடையை வாங்கி, அதன் வாரைத் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்து நின்றாள். கூடையைக் கொடுத்தவள் ஓரமாக, வெறுங்கையோடு, இவள் எப்போது திருப்பித் தருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பரமநாதனின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "சிரி, சிரி! கூலிக்காரி மாதிரி முகத்தை வை!"

அறையில் சிரிப்பு எழுந்தது. ஸ்ரீதரன் சிரித்ததுதான் எல்லாவற்றிலும் சத்தமாக இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்க அருள்ராணிக்கு அருவருப்பாக இருந்தது.

"நல்ல சனம்," என்றாள் யோகாம்பாள். "சொக்லேட் குடுக்க ஓடி வந்து வாங்கிச்சுதுகள். எங்கட தோட்டக்காட்டார் மாதிரித்தான். எங்கட வீட்டிலையும் ஹற்றனிலையிருந்து கூட்டிக்கொண்டு வந்த பெட்டை ஒண்டு வேலைக்கு நிண்டது. அதுக்கெண்டு தேத்தண்ணி குடிக்கப் புறம்பா ஒரு பேணி, வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கத்திலை. நாங்கள் ஒரு குறையும் வைக்கேல்லை." அப்படியே திரும்பி, அதே சிரிப்போடு கேட்டாள். "நீங்கள் கிளிநொச்சியிலை எந்தப் பக்கம்?"

ஸ்ரீதரனின் முழங்கை அருள்ராணியின் விலாவில் இடித்தது. அவள் மகளைப் பார்த்தாள். ஆரபி சிரிக்கவில்லை. மேசையடியிலிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளிநொச்சிக்கு நாங்கள் பிறகுதான் வந்தனாங்கள்," என்றாள் அருள்ராணி. "நான் பிறந்தது ஹற்றன் பக்கம். என்ரை அம்மா கொழுந்து எடுத்தவ. உந்தக் கூடைதான். ஆனா அவ கூடையோடை நிண்டு சிரிச்சதை நான் காணேல்லை."

ஸ்ரீதரன் முகத்தில் ஈயாடவில்லை. பரமநாதன் ரிமோட்டைத் தேடி எடுத்து வீடியோவை நிறுத்தினார். நெற்றியில் மாட்டிய கூடையோடு யோகாம்பாள் திரையில் அப்படியே உறைந்து நின்றாள்.

கோபித்துக்கொள்வார்கள் என்றுதான் அருள்ராணி எதிர்பார்த்தாள். அந்த மரியாதையைக்கூட அவர்கள் செய்யவில்லை. "உதெல்லாம் இந்தக் காலத்திலை ஆர் பாக்கினம்?" என்றார் பரமநாதன். "நாங்கள் நோர்வேயிலையெல்லோ இருக்கிறம்," என்றாள் யோகாம்பாள். போகும்போது அந்தத் தோட்டத்துத் தேயிலையில் ஒரு பைக்கற்றைக் கையில் தந்து, வாற ஞாயிறு உங்கட வீட்டை வாறம் என்றும் சொன்னார்கள்.  காரில், ஹொல்ம்லியாவில் இருந்த தங்கள் வீடு வரும்வரை, ஆரபி பின்னாலிருந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து படியேறும்போது, எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதோ என்று அருள்ராணி முட்டாள்தனமாக நம்பினாள்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை மகனோடு வந்தார்கள். பரமநாதன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அருள்ராணி வடை சுட்டு, அவர்கள் தந்த தேயிலையிலேயே தேத்தண்ணி போட்டு, நல்ல கோப்பைகளில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஐயோ, எங்களுக்கு வேண்டாம்," என்றாள் யோகாம்பாள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்."

"வடையாவது..."

"இவருக்கு எண்ணெய்ச் சாமான் கூடாது. எனக்குச் சுகர்."

"அப்ப கொஞ்சம் தண்ணி?"

"ஒண்டும் வேண்டாம். நீங்கள் கரைச்சல்படாதேங்கோ."

யாழ்ப்பாணத்தில் ஒருவரை ஒதுக்கிவைக்க ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வருவார்கள், சிரிப்பார்கள், சுகம் விசாரிப்பார்கள். ஒரு மிடறு தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார்கள். இமயமலை அடிவாரம்வரை போய், முன்பின் தெரியாத கைகள் பறித்த கொழுந்தைக் காசு கொடுத்துக் குடித்துவிட்டு வந்த இந்தப் பெரிய மனுசருக்கு, ஹொல்ம்லியாவில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்காது. இவர்களுக்காகவா இவ்வளவு காலம் அம்மாவை மறைத்தேன் என்று அருள்ராணி தன்னையே நொந்துகொண்டாள்.

நிருஜனுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆரபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இயல்பாகக் கோப்பையை எடுத்தான்.

"தம்பி," என்றாள் யோகாம்பாள். "உனக்கு வயித்துக்குச் சரியில்லையெல்லோ."

அவன் தாயைப் பார்த்தான். ஒருகணம்தான். காதுமடல் சிவக்கக் கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தான். விளங்காதவனுக்குக் காது சிவக்காது.

"வயிறு சரியில்லையோ உனக்கு?" என்று ஆரபி கேட்டாள். "மத்தியானம் என்னோடை பீட்சா சாப்பிட்டனி."

 ஆரபி கோப்பையை எடுத்து அவனுக்கு நேரே நீட்டினாள். "குடி," என்றாள்.

பரமநாதன் தொண்டையைச் செருமினார். ஸ்ரீதரன், "பிள்ளை, விடு, அவருக்கு வேண்டாமாம்," என்று கெஞ்சினார். யோகாம்பாள் யன்னலுக்கு வெளியே நின்ற மரங்களை ரசிக்கத் தொடங்கினாள்.

"நை, தக்," என்றான் நிருஜன். வேண்டாம், நன்றி. நோர்வேயில் எல்லோரும் அன்றாடம் மரியாதையாகச் சொல்லும் சொல்லைத்தான், மேசையைப் பார்த்தபடி சொன்னான்.

 அருள்ராணி எழுந்து மகளின் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். மகள் அழப்போகிறாள் என்று பயந்தாள். ஆரபி அழவில்லை. எழுந்து வாசல் நடைக்குப் போனாள். கொழுவியில் தொங்கிய, வந்தவர்களின் மூன்று குளிர் ஜாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பரமநாதனுடையதை அவர் மடியிலும் யோகாம்பாளுடையதை அவள் மடியிலும் வைத்தாள். நிருஜனுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவன் எழுந்து வந்து வாங்கும்வரை நின்றாள்.