நீலாம்பாள் வீட்டுக் கடலும் பக்கத்து வீட்டு ராஜராஜேஸ்வரியும்

1993 தை மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, கல்லிடைக்குறிச்சியில் நீலாம்பாள் வீட்டுப் புறவாசலுக்கு மெரினா கடல் வந்து சேர்ந்தது. துணி துவைக்கிற கல்வரைக்கும் அலை. அதற்கப்பால் தொடுவானமும் இரண்டு கப்பலும். முந்தின நாள்தான் தெருக்காரர்கள் மெட்ராஸ் சுற்றுலா முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். செத்த காலேஜ் என்கிற மியூசியம், உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலை, மகாபலிபுரம், கடைசியாகக் கடற்கரை. தூரம் போய் வந்தால் ஆற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவது அந்தத் தெரு வழக்கம். பக்கத்து வீட்டு ராஜராஜேஸ்வரி சேலை மடிப்பைக்கூட உதறி அலசினாள். நீலாம்பாள் மட்டும் கால்வலி என்று மணல் ஒட்டிய பாதத்தோடு நேரே உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். சோம்பேறிக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்.

கடலோர உவரியிலிருந்து மீன்காரர் இருவர் வந்து, தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து, இது தங்கள் கடல் இல்லை, மெட்ராஸ் கடல்தான் என்று உறுதி சொன்னார்கள். பங்குனிக்குள் திசையன்விளைவரை உள்ள பள்ளிக்கூடங்கள் வேன் பிடித்து வந்தன. சுண்டல் வந்தது, ராட்டினம் வந்தது, சுற்றுலாத் துறை போர்டு வந்தது. நீலாம்பாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரிகளுக்கு யோசனை சொன்னாள். ராஜராஜேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைப்பானேன்? சுத்தபத்தமாக இருந்தவளுக்கு உப்புக்காற்றில் பித்தளைப் பாத்திரம் பச்சை பூத்ததுதான் மிச்சம். புறவாசல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்காரத் தொடங்கினாள்.

“ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்ட்டி, ஊரே பாக்குது” என்றார் கணவர் சிவகணேஷ்.

“காலக் கழுவாம வந்தவ கடலு. நா பாக்க மாட்டேன்.”

95-இல் அவளே மெட்ராஸ் போய், முந்தானை நிறைய மணலோடு திரும்பி, எட்டு நாள் குளிக்காமல் இருந்து பார்த்தாள். சொறி வந்தது, கடல் வரவில்லை.

அதற்குள் அவள் சேதி பரவிவிட்டது. வேன்கள் முதலில் அவள் வாசலில் நின்றன. கடலுக்கு முதுகைக் காட்டி வெண்டைக்காய் நறுக்குகிறவளைப் பார்க்க ஜனம் வரிசையில் நின்றது. கடல் மெட்ராஸிலும் இருக்கிறது, இப்படி ஒரு பொம்பளை எங்கே இருக்கிறாள் என்றார்கள். நீலாம்பாள் வீட்டில் கூட்டம் குறைந்தது. ஒரு மத்தியானம் அவளே வந்தாள், முகம் செத்துப் போய்.

“ராஜி, ஒரே ஒரு தடவ எங்க புறவாசலுக்கு வந்து பாத்துரேன்.”

“பாத்துட்டா, பொறவு என்னய யாரு மதினி பாக்க வருவா?”

நீலாம்பாள் வந்த வழியே திரும்பிப் போனாள். ஐந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் ராஜராஜேஸ்வரி வயிறு நிறையச் சாப்பிட்டாள். சாப்பிட்டு உட்கார்ந்தபோது முதுகுக்குப் பின்னால் ஓர் அலை பெரிதாக உடைந்தது. பார்க்க வேண்டும் என்று உயிரே துடித்தது. பைய கழுத்தைத் திருப்பினாள். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கழுத்தை நேராக்கிக்கொண்டாள்.

99-இல் போர்டில் அவள் பெயரையும் சேர்த்து எழுதினார்கள். பார்வை நேரம் காலை ஆறு முதல் மாலை ஆறரை வரை. அதற்குப் பிறகு இருட்டிவிடும், கண்ணுக்குத் தெரியாத கடலைப் பார்க்காமல் இருப்பதில் என்ன அதிசயம்?