எதிர்ச்சரிவின் பதில்

2024 பிப்ரவரி 12ஆம் தேதி, போடிநாயக்கனூரில் தொண்டை மருத்துவர் ஒருவர் திருப்பதியின் குரல்வளைக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தார். குரல் நாணில் பெரிய கட்டி இருந்தது.

"குரல் எப்ப இருந்து கம்மியிருக்கு?"

"தெரியலையே சார். குரங்கணிக்கு மேல ஏலக்காட்டுக் காவலு. தனியாக் கெடக்கேன், யாருகிட்டப் பேசிப் பாத்தேன்?"

அழைத்து வந்த ஜீப் டிரைவர் முத்துப்பாண்டி சிரித்தார். "பொழுதடைய இவரு கூவுவாரு, எதிர்ச்சரிவுக் காவக்காரரு சுருளி பதிலுக்குக் கூவுவாரு. அம்புட்டுத்தான் சார் இவரு பேச்சு."

"அந்தாளும் தீவாளியில இருந்து பதில் குடுக்கிறதில்ல. என்ன கோவமோ. நான் தெனமும் கூவிக்கிட்டுத்தான் இருக்கேன்."

முத்துப்பாண்டியின் சிரிப்பு நின்றது. "அண்ணே, நேத்து லோடுக்குப் போனப்ப அவரு உங்களத்தான் கேட்டாரு. தீவாளிக்கு எறங்குன மனுசன் மலையேறவே இல்லையா, சத்தத்தையே காணோமேன்னாரு."

கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, மார்ச் மாதம் மதுரையில் திருப்பதியின் குரல்வளையை அகற்றினார்கள். ஜூனில் அவர் காவலுக்குத் திரும்பினார். முதல் நாள் பொழுதடையும் நேரத்தில், பன்றி விரட்டும் தகரத்தை எதிர்ச்சரிவைப் பார்த்துத் தட்டினார். சுருளி மே மாதமே வேலையை விட்டுவிட்டு, மலைக்குக் கீழே சிலமலை கிராமத்துக்குப் போயிருந்தார்.