யார் அந்த சிஜின்?

மலர் வளையத்தைச் சவப்பெட்டியின் கால்மாட்டில் சாய்த்துவிட்டு நிமிர்ந்த வள்ளிநாயகம் சார், பக்கத்தில் நின்ற டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார். "நம்ம சிஜினும் போயிட்டான், பாத்தியா."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரசலையனின் காதில் அது தெளிவாக விழுந்தது. பெட்டிக்குள் கிடப்பது அவர் பெண்டாட்டி பூங்கனி. ஆரம்பப் பள்ளி டீச்சர். முந்தின நாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள். பிள்ளை இல்லை. சொந்தத்திலும் சபையிலும் எப்படித் துழாவிப் பார்த்தாலும் சிஜின் என்று ஒருத்தன் கிடையாது. பின்னே யார் இவன்?

வள்ளிநாயகம் சார் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். சங்கம் என்றாலே ரசலையனுக்கு ஆகாது. அவருக்குக் குலசேகரம் சந்திப்பில் ரப்பர் ஷீட் வியாபாரம். சனிக்கிழமைதான் கடையில் கூட்டம், நிற்க நேரமிருக்காது. அன்றைக்கென்று பார்த்து அவள் சங்கத்து ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள். கொடி பிடிக்கிறதும் கோஷம் போடுகிறதும் ஒரு வேலையா என்று வாரம் தவறாமல் ஏசுவார். அவளும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவாள். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

அடுத்து வந்த ஒரு டீச்சர் தேன்மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைப் பூங்கனியின் கைப்பக்கம் வைத்து, "சிஜினுக்குள்ளதாக்கும்" என்று விம்மினாள். பூங்கனியோ சர்க்கரைக்காரி, மிட்டாயை ஏறெடுத்தும் பார்க்காதவள். மைத்துனன் ஜெப்சன் குனிந்து, யாரு அத்தான் அது என்று கேட்டான். பள்ளிக்கூடத்துப் பயலா இருக்கும் என்று ரசலையன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். ஆனால் மனசு அடங்கவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு, தனக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை இருந்தானோ? எங்கேயாவது வைத்து வளர்த்தாளோ? சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணினால் பெட்டியை அடைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அவள் முகத்தைக் கடைசியாக எப்படிப் பார்ப்பது?

பந்தலின் ஓரத்தில் தூரத்து ஆட்களுக்குப் பாலில்லாத கட்டஞ்சாயாவும் பன்னும் வைத்திருந்தார்கள். அங்கே தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள் ஸ்மைலின். சங்கத்திலேயே இளையவள், இரண்டொரு தடவை வீட்டுக்கும் வந்திருக்கிறாள். ரசலையன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"மோளே, எங்கிட்ட மறைக்காண்டாம். சிஜின் யாரு?"

அவள் திகைத்துப்போனாள். "அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லியா அண்ணா?"

பிறகு சொன்னாள். சனிக்கிழமைகளில் கோரிக்கை, தீர்மானம் எல்லாம் முடிந்த பிறகு ஆபீசில் பெஞ்சுகளை வரிசையாகப் போடுவார்களாம். ஒருத்தர் அடுத்த வாரத்துப் பாடத்தை நடத்த, மற்ற டீச்சர்மாரும் சார்மாரும் மூணாங்கிளாஸ் பிள்ளைகளாக உட்காருவார்களாம். அதிகாரி கிடையாது, ஹெட்மாஸ்டர் கிடையாது. தப்பு வந்தால் எல்லாருமாகச் சிரித்துவிட்டு எல்லாருமாகத் திருத்துவார்கள். பூங்கனிதான் கடைசி பெஞ்சு சிஜின். டெஸ்க்கைத் தட்டுவான், தேன்மிட்டாய் கேட்பான், பாடத்தின் நடுவில் ஒண்ணுக்குப் போகணும் என்பான், புரியவில்லையென்றால் ஆளை விடமாட்டான். வேலையே வேண்டாமென்று ஓடப்பார்த்த ஸ்மைலினைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தச் சிஜினுக்கு முன்னால் நிறுத்தியதும் பூங்கனிதான். முதல் மூன்று வாரமும் சிஜின் அவளை அழவைத்துவிட்டான்.

"நாலாவது வாரம் அவன் அடங்கிட்டான் அண்ணா. இப்ப நான் வேலையில நிக்கேன்னா அது சிஜினாலயாக்கும்."

வீட்டில் சத்தம் போட்டுச் சிரிக்காதவள் டெஸ்க்கைத் தட்டினாளாமே! அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ரசலையனுக்கு ஆற்றாமை பொங்கியது. "அப்பிடி என்னத்தக் கேப்பான் அவன்?"

"பின்னம் எடுத்தா தொலைஞ்சோம். 'நாலைவிட எட்டு பெருசுல்லா டீச்சர், பின்ன எட்டுல ஒண்ணு எப்பிடி நாலுல ஒண்ணைவிட சின்னதாவும்?'ன்னு நிப்பான். அதக் கேட்டா அடிக்கப்பிடாது, செவியப் பிடிச்சுத் திருகப்பிடாது. அதுல அக்காவுக்கு ஒரே பிடிவாதம்."

ரசலையனின் கை தானாக இடது காதுக்குப் போயிற்று. அவர் மூணாங்கிளாசில் கேட்ட கேள்வி அது. சார் திருகிய திருகலில் காதுமடல் கிழிந்து ரத்தம் வந்தது, வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகாமல் அப்பனோடு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் அவளிடம் மட்டும் வேடிக்கைபோல அதைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதுக்குப் பொறவு யாராவது பதில் சொல்லித் தந்தாவளா என்று மட்டும் கேட்டாள். அவருக்கு ரோஷம் வந்து எழுந்து போய்விட்டார். வியாபாரத்தில் அரையும் காலும் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனாலும் அந்த மூணாங்கிளாஸ் பயலை உட்காரவைத்து ஒருத்தரும் பதில் சொன்னதில்லை.

ஜெப்சன் வேகமாக வந்தான். "அத்தான், ஐயர் வந்தாச்சு. பெட்டி அடைக்கணும்."

"கொஞ்சம் நிக்கச் சொல்லு." ரசலையன் திரும்பவில்லை. "மோளே, அந்தப் பயலுக்கு நீ என்ன பதில் சொன்ன?"

ஸ்மைலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பன்னை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். பிறகு அதில் ஒரு பாதியை இரண்டாக. வள்ளிநாயகம் சாரும் மற்ற டீச்சர்மாரும் சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றார்கள்.

"நாலு பேரு வந்தா ஒருத்தனுக்கு இவ்வளவு கிட்டும்" என்று ஒரு சின்னத் துண்டை நீட்டிக் காட்டினாள். "இனி எட்டு பேரு வந்தா?"

ரசலையன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.