ஆறாவது கப்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொன்னவன் நாக்கு அழுகிப்போகட்டும். லிஃப்ட் மெக்கானிக்கின் உடலைக் கீழே தூக்கிப்போக ஆட்கள் வந்து சேருமுன், பொத்தானை யாரும் தொடாமலே, லிஃப்ட் நாலாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. முப்பத்தெட்டு வருஷம் தனக்கு எண்ணெய் போட்டவருக்கு அதுவும் வேறென்ன செய்யும்!

அவர் மனைவி அதைப் பார்க்கவில்லை. சமையலறையில், வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆறு கப்பில் ஒன்றைக் காணோம். டீ வாசனையே அவளுக்கு ஆகவில்லை.

போன மாசம் மாரடைப்பில் பிழைத்தவருக்கு இதயத்தில் பாதித் தசை அசையவில்லை. "செத்துப்போச்சா, தூங்குதான்னு ஸ்கேன்லதான் தெரியும். தூங்குதுன்னா ஆபரேஷன் பண்ணி எழுப்பிடலாம்" என்றார் டாக்டர்.

"முப்பத்தெட்டு வருஷமா காலைல என்னை எழுப்ப இவளால முடியல. நீங்க எழுப்பிடுவீங்களா?" என்றார் மனுஷர். பிறகு ஸ்கேன் மெஷினை எட்டிப் பார்த்தார். "இந்தக் குழாய்க்குள்ளயா? மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுத்துத்தான் எனக்குப் பழக்கம்."

ஸ்கேன் வியாழக்கிழமை. முந்தின நாளிலிருந்தே டீ, காபி கூடாது; குடித்தால் ஸ்கேனுக்குப் போடும் மருந்து பலிக்காது. வியாழக்கிழமை காலையில் அவர் கெஞ்சிய கெஞ்சலுக்குக் கல்லும் கரைந்திருக்கும்.

"ஒரே ஒரு கப்டி. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொடுத்தாள். பால்கனிக்கு எடுத்துப் போனார்.

"டீ, காபி எதுவும் குடிக்கலையே ஐயா?" என்று நர்ஸ் கேட்டு முடிக்கவில்லை.

"ஒரு கப் குடிச்சேம்மா. இவதான் கொடுத்தா."

அடுத்த வியாழன் வரச் சொன்னார்கள். அவள் தலை நிமிரவில்லை. அவர் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தார். ஞாயிறு மதியம், சாப்பிட்டுக் கழுவிய கை காயுமுன் போய்விட்டார்.

மகள் சமையலறைக்கு வந்து நின்றாள். "அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருந்தா பொழச்சிருப்பாராம்மா?"

'நான்தான்' என்பது தொண்டை வரை வந்தது. "சர்க்கரை போதுமான்னு பாரு" என்றாள்.

"அப்பா கண்ணாடி எங்க? அது இல்லாம வேற யாரோ மாதிரி இருக்கார்."

கண்ணாடியைக் கருவிப் பெட்டியில்தான் வைப்பார். பால்கனிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடி இருந்தது. ஸ்பேனர்களுக்கு நடுவே, சாயாமலிருக்கக் கந்தல் சுற்றி, சாஸரால் மூடி, ஆறாவது கப்பும் இருந்தது.

சாஸரைத் தூக்கினாள். விளிம்பு வரை டீ.