பதினெட்டுப் பேர் எழுதியது

தன் மகளிர் பனி ஹாக்கி அணியிலிருந்து ஒருத்தியை நிறுத்துவதென்றால் பயிற்றுநர் யாதவி அதை அவளுடைய முகத்துக்கு நேரேதான் சொல்லுவாள். மின்னஞ்சல் அனுப்பமாட்டாள். கதவில் பட்டியல் ஒட்டமாட்டாள். அப்படிச் சொல்லப்போய் ஒருமுறை கோல் காப்பாளர் கொரினுடன் வாகனத் தரிப்பிடத்தில் முக்கால் மணி நேரம் மழையில் நின்றிருக்கிறாள்.

பதினேழு வயதில் ஒரு பெரிய கழகத்தின் இளையோர் முகாமுக்கு அவள் போயிருந்தாள். ஐந்தாம் நாள் காலை உடைமாற்றும் அறைக் கதவில் பெயர்கள் ஒட்டியிருந்தன. மூன்று தடவை வாசித்தும் குகநாதன் யாதவி என்ற பெயர் அகப்படவில்லை. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை. முப்பத்தொன்பது வயதிலும் அந்தக் காரணம் அவளுக்குத் தெரியாது.

நாட்டின் ஜேர்மன் மொழிப் பக்கத்து ஊரான ஊஸ்டரில் பிறந்து வளர்ந்தவள். அம்மா செல்வராணி பக்கத்து ஊர்ப் பனி அரங்கின் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்த காலத்தில், பள்ளிக்கூடம் இல்லாத புதன் பின்னேரங்களில் மகளை விட இடமின்றிக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். அப்படித்தான் அவளுக்குப் பனியும் ஹாக்கி மட்டையும் பழக்கமாயின. இருபத்தெட்டு வயதில் முழங்கால் போனது. அதே வருஷம் மகளிர் அணியின் பயிற்றுநர் விலகினார். வேறு யாரும் முன்வராததால் பொறுப்பு அவளிடம் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வாரம் மூன்று நாள், அறுபது வீத வேலை செய்தாள். மிச்ச நேரம் முழுவதும் அணிக்குப் போனது.

கடைசிப் பிரிவில் கிடந்த அணியை ஏழு பருவத்தில் இரண்டு படி மேலே கொண்டுவந்தாள். அவளுடைய வழி தடுப்பாட்டம். கோல் வாங்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்பாள். பக் எனும் ரப்பர் வட்டு தங்கள் பக்கம் வந்தால் யார் எங்கே நிற்கவேண்டும் என்பதை வெள்ளைப் பலகையில் கீறிக் கீறிக் காட்டுவாள். ஆட்டம் நடக்கும்போது ஓரத்தில் நின்று ஓயாமல் குரல் கொடுப்பாள். எதிரணிகள் இவர்களோடு ஆட விரும்பமாட்டா. ஆனால் கடைசி மூன்று வருஷமும் அரையிறுதியோடு நின்றது. ஒன்றுக்குப் பூச்சியம், இரண்டுக்கு ஒன்று, மறுபடி ஒன்றுக்குப் பூச்சியம்.

மூன்றாவது தோல்விக்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மதுஜா யாதவியின் வீட்டுக்கு வந்தாள். அணியின் தலைவி; இருபத்துநாலு வயது; மருத்துவத்தாதியாக வேலை பார்ப்பவள். செல்வராணியின் சிநேகிதியின் மகள் என்பதால் ஒன்பது வயதில் அவளைப் பனிக்குக் கூட்டிக்கொண்டு போனதே யாதவிதான். செல்வராணி அன்று மகள் வீட்டில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை, சூடா இருக்கேக்க சாப்பிடு," என்றார்.

"பிறகு சாப்பிடுறன் அன்ரி. அக்காவோட கொஞ்சம் கதைக்கோணும்."

இருவரும் அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். மதுஜா தமிழில் தொடங்கித் தடுமாறினாள்.

"ஜேர்மனில சொல்லன், உனக்கு லேசா இருக்கும்," என்றாள் யாதவி. பனி அரங்கில் அவர்கள் அதில்தான் கதைப்பார்கள். அங்கே பயிற்றுநரையும் எல்லோரும் 'டு' என்று ஒருமையில்தான் அழைப்பார்கள்.

"இல்லை அக்கா. இதை உங்களை 'டு' எண்டு கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வராது." கைப்பையைக் கீழே வைத்தாள். "செவ்வாய்க்கிழமை கழகத்தின்ர கூட்டம் இருக்கு. போன கிழமை ரெட்டோ எங்கள் எல்லாரையும் எழுதித் தரச் சொன்னவர், பயிற்றுநர் தொடரவேணுமோ எண்டு. இருபத்திரண்டு பேரில பதினெட்டுப் பேர் வேண்டாம் எண்டு எழுதினவை."

ரெட்டோ கழகத்தின் தலைவர். அந்த வாரம் இரண்டு தடவை யாதவியைக் கண்டு சிரித்துக் கைகொடுத்திருந்தார்.

"அந்தப் பதினெட்டில நானும் ஒராள்," என்றாள் மதுஜா. "நீங்கள் அங்க போய் இதை முதல்முதலாக் கேள்விப்படக் கூடாது எண்டுதான் வந்தனான்."

"ஏன்?"

"ஏன் வந்தனான் எண்டோ, ஏன் எழுதினனான் எண்டோ?"

"ஏன் எழுதினாய்?"

மதுஜா தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள். "பக் கிடைச்ச உடன நான் முதல்ல உங்கட முகத்தைத்தான் பாக்கிறன் அக்கா. கோலைப் பாக்கிறேல்லை. நீங்கள் என்ன சொல்லப்போறியள் எண்டு பாத்து முடிய இடம் அடைபட்டுப் போகுது. எல்லாருக்கும் அப்பிடித்தான். பிழை விடப் பயம். நாங்கள் நல்லாத் தடுக்கிறம். ஆனா எங்களுக்கு விளையாடத் தெரியாமப் போட்டுது."

யாதவிக்குக் காது சூடேறியது. "உன்னைக் கொண்டுவந்தது நான். விடிய எழும்பி எத்தினை வருஷம் உன்னை ஏத்தி இறக்கினனான்."

"ஓம். அதை மறக்கேல்லை."

"மறக்காமத்தான் எழுதினனியோ?"

மதுஜாவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் சொன்னதை அவள் திரும்ப எடுக்கவில்லை. எழும்பிப் போனாள். சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செல்வராணி கரண்டியும் கையுமாக வந்தார்.

"எங்கட வீட்டில சாப்பிட்டு வளந்தவள். வாசலால வந்து இப்பிடிச் சொல்ல என்ன நெஞ்சு வேணும்."

"வாசலால வந்து சொன்னவள் அவள் ஒருத்திதான் அம்மா," என்றாள் யாதவி. கோபம் அவளுக்கும் ஆறவில்லை. இருந்தும் அந்தச் சொல் தானாக வந்தது.

மத்தியானம் கடைசி ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் போட்டாள். மதுஜா சொன்னது பொய் என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான் போட்டாள். வழமையாக எதிரணியைப் பார்ப்பவள் அன்று தன் பிள்ளைகளின் தலைகளை மட்டும் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் பக்கை வாங்கியதும் தலை ஒரு கணம் ஓரத்துக்குத் திரும்பியது. முதல் இருபது நிமிடத்தில் பதினாலு தடவை. நடுக்களத்தில் ஓரிடத்தில் மதுஜாவுக்கு முன்னால் ஒருவரும் இல்லை, நேரே கோல்தான். அப்போதும் அவளுடைய தலை திரும்பியது. ஓரத்தில் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்த பெண்ணை யாதவி அன்றுதான் வெளியாளாக நின்று பார்த்தாள். எந்தப் பிள்ளையும் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கமாட்டாள் என்று தோன்றியது. ஒளிப்பதிவை நிறுத்தினாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ரெட்டோ பதினொரு வருஷத்துக்கும் நன்றி சொன்னார். அணிக்குப் புதிய உந்துதல் தேவைப்படுகிறது என்றார்.

"அது காரணம் இல்லை," என்றாள் யாதவி. "எங்கள் பெண்கள் தடுக்கத் தெரிந்தவர்கள், தாக்கப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் என்னிடமிருந்து வந்தது. அடுத்த ஆளைத் தேடும்போது அதை மனதில் வைத்துத் தேடுங்கள்."

மேசையைச் சுற்றியிருந்த ஐந்து பேரும் குனிந்து தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். அவள் அரங்கின் கதவுத் திறப்புகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வருஷம் செல்வராணிக்கு ஒரு விதத்தில் சந்தோஷம். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் திரிம்பாக் ஊர்க் கோயிலுக்கு அவரோடு வந்தாள். தெரிந்தவர்கள் "இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்டபோது கண்ணாடிக்கடை என்றாள். ஆனால் ஒக்டோபர் பிறந்து காலையில் மூச்சுப் புகையத் தொடங்கியதும் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. நாட்டின் பிரெஞ்சு மொழிப் பக்கத்து நொஷாட்டலில் ஒரு கழகம் பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்றுநர் தேடியது. தலைமைப் பயிற்றுநர் எலொடிக்கு முப்பது வயது. தாக்குதல் ஆட்டத்துக்குப் பெயர்போனவள்.

"பதினொரு வருஷம் தலையா இருந்திட்டு ஒரு சின்னப் பிள்ளைக்குக் கீழயோ?" என்றார் செல்வராணி.

"அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது அம்மா."

கடையில் வேலையை நாற்பது வீதமாக்கிக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் ரயிலில் போய்வந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு பனியில் நிற்கும்போது உதவவில்லை. அவள் ஒரு வசனத்தைக் கூட்டி முடிப்பதற்குள் பக் மறுபக்கம் போய்விடும். முதல் மாதம் நாக்கைக் கட்டிப்போட்டதுபோல் ஓரத்தில் தவித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்க்காமல் தங்கள் பாட்டில் ஆடினார்கள். பின்னுக்குப் பார்க்காமல் பக்கைத் தள்ளினார்கள், இழந்தார்கள், சிரித்தார்கள், மறுபடி ஓடினார்கள். எலொடி கைகட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். இடைவேளையில் மட்டும் இரண்டு கேள்வி கேட்பாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் யாதவி அதைப் பார்த்தாள். சிலது பிடிக்கவில்லை. பின்பக்கம் அகலத் திறந்து கிடந்தது. ஆயினும் பேசாமல் நின்று பழகினாள். கண்ணாடிக்கடையில்கூட ஆட்கள் மூக்குக்கண்ணாடிச் சட்டம் தெரிவு செய்யும்போது முந்திக்கொண்டு சொல்லாமல் இருக்கப் பழகினாள். அது பனியைவிடக் கஷ்டமாக இருந்தது.

பழைய அணி அந்த வருஷம் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. மதுஜா ஒருநாள் செய்தி அனுப்பினாள். ஐந்துக்கு நாலு தோல்வி, தான் இரண்டு கோல் போட்டது என்று. யாதவி இரண்டு நாள் கழித்து, "இரண்டாவது எப்பிடிப் போட்டனீ?" என்று கேட்டு எழுதினாள். மதுஜாவின் பதில் நீளமாக வந்தது.

அடுத்த குளிர்காலத்தில் எலொடி பிள்ளை பெறப் போனாள். நான்கு மாதம் அணி யாதவியின் கைக்கு வந்தது. அப்போது அவளுக்குப் பிரெஞ்சும் ஓரளவு வந்துவிட்டது. முதல் ஆட்டம் சனிக்கிழமை மத்தியானம், வெளியூரில். ஆறுக்கு மூன்று தோற்றார்கள். திரும்பி வரும் பேருந்தில் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏரி இன்னும் வெளிச்சமாக இருந்தது. செல்வராணி தொலைபேசியில் வந்தார்.

"வெண்டியளோ?"

"இல்லை அம்மா. ஆறுக்கு மூண்டு."

"மூண்டோ?" என்றார் செல்வராணி. முப்பது வருஷமாகியும் இந்த விளையாட்டின் ஒரு விதியும் அவருக்குத் தெரியாது. "உங்கட ஆக்கள் மூண்டு போட்டவையோ?"

"ஓம்."

"அப்ப ஆறும் என்னெண்டு வந்தது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றாள் யாதவி. கைபேசியை வைத்துவிட்டு எழும்பி, ஆடும் பேருந்தில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். அன்று கோல்கள் அதிகம் வந்த இடது பக்கத் தடுப்பில் நின்ற பதினெட்டு வயது லியா, காதில் ஹெட்போன் மாட்டி ஜன்னலில் சாய்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. யாதவி அதில் உட்கார்ந்து, லியா தானாகத் திரும்பும்வரை காத்திருந்தாள்.